ஐம்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம்

ஜெயகௌரி அக்கா என்னிடம் காசை எண்ணி வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலிட்டித் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவேன். விளைமீனையோ பாரையையோ பையில் போட்டுத் தந்துவிட்டு, நான் நீட்டும் தாள்களை அப்படியே இடுப்புப் பையில் செருகிவிடுவார். மற்றவர்களிடம் வாங்கும் காசை விரலை நனைத்து இரண்டு தரம் எண்ணுகிற மனுசி அவர். "பாங்கிலை இருக்கிற தம்பியின்ரை காசை எண்ணினா எனக்குத்தான் வெக்கம்," என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

நான் வட்டுக்கோட்டையில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பதினொரு வருடமாக ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் இருக்கிறேன். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் போருக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடியவர், நாற்பதில்தான் திரும்பி வந்தார். கணவர் ஜெயசுதன் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவருகிற மீனையும் இன்னும் நாலைந்து படகுகளின் மீனையும் அக்கா வாங்கி விற்கிறார். யாரிடமும் ஒரு சதம் கடன் வாங்காமல் வீட்டைக் கட்டி முடித்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் உயரும்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வங்கி அவருக்கு ஒரு கடனட்டை கொடுத்தது. எல்லை இரண்டு லட்சம். அடுத்த கிழமையே அட்டையையும் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு லட்சம் எண்டு போட்டிருக்கு. உவ்வளவு கடன் நான் எப்ப கேட்டனான்?"

"அது கடன் இல்லை, அக்கா. அவ்வளவு மட்டும் பாவிக்கலாம் எண்டு அர்த்தம்."

"கடனுக்குத்தானே எல்லை போட்டிருக்கிறீங்கள். எனக்கு அம்பதாயிரத்துக்கு மேலை வேண்டாம். குறைச்சு விடுங்கோ."

படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். அவர் கையெழுத்து வைத்தார். "நல்ல வேலை செய்தீங்கள், அக்கா," என்று சொல்லியும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்த அட்டைக்கு ஓய்வே இல்லை. படகுக்கு எரிபொருள், ஐஸ், பெட்டி எல்லாம் அதில்தான். சனிக்கிழமைகளில் அட்டை உள்ளவர்களுக்குக் கடைகளில் விலைக்கழிவு உண்டு என்பதால் பக்கத்து வீட்டு உதயகலாவும் அதே ஒழுங்கையில் குடியிருந்த மற்றவர்களும் காசைக் கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் சாமான்களையும் அக்காவின் அட்டையில் வாங்குவார்கள். வங்கியின் மாதக் கணக்குக் கூற்று வரும்போது நாற்பத்தெட்டாயிரம், நாற்பத்தொன்பதாயிரம் என்று நிற்கும். வந்த மறுநாளே முழுவதையும் கட்டிவிடுவார். ஆறு வருடத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை, ஒரு ரூபாய் வட்டி கொடுத்ததில்லை. எங்கள் கிளையில் எனக்குத் தெரிந்து அப்படி இன்னொருவர் இல்லை, நான் உட்பட.

போன ஆவணியில் கடன் கேட்டு வந்தார். பாசையூர் பிலிப்பு தன் குளிரூட்டி லொறியை விற்கப்போகிறார், அதற்கு நாற்பது லட்சம் வேண்டும். கரையில் லொறிக்காரர் சொன்னதுதான் விலை. பத்து மணிக்குமேல் மிஞ்சுகிற மீன் பாதி விலைக்குப் போகும். சொந்த லொறி இருந்தால் வவுனியாவுக்கும் தம்புள்ளைக்கும் தானே அனுப்பலாம். கார்த்திகை முடியும்வரை பிலிப்பு பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த லொறியை விட்டால் இன்னொன்று அந்த விலைக்குக் கிடைக்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கொழும்பிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. கடன் தகுதிப் புள்ளி போதாதாம். காரணம் ஒரே வரியில் இருந்தது: அட்டை எல்லையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதப் பாவனை.

சொன்னதும் அக்காவின் முகம் கறுத்துப்போனது. "நான் ஆருக்குத் தம்பி மிச்சம் வைச்சனான்? ஒரு மாதம் சொல்லுங்கோ பாப்பம்!" கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நீங்கள் கட்டுறதிலை பிழை இல்லை, அக்கா. ஆனா கூற்று அடிக்கிற அண்டைக்கு எவ்வளவு நிக்குதோ அதைத்தான் அவை பாக்கினம். மறுநாள் நீங்கள் கட்டினது அந்தக் கணக்கிலை தெரியாது." அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டுமென்று ஓர் உவமையும் எடுத்துவிட்டேன். "வள்ளம் விளிம்பு மட்டுக்கும் தாழ்ந்து வருகுது எண்டு வையுங்கோவன். கரையிலை நிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நல்ல மீன் பட்டிருக்கு எண்டு நினைப்பான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "கொழும்பிலை இருக்கிறவன் வள்ளம் தாழப்போகுது எண்டு நினைப்பான், அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு லட்சமாகவே விட்டிருந்தா?"

"இதே செலவு காற்பங்குக்கும் குறைவாத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்காமல் எழுந்து போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லையைக் குறைக்கிற அந்தப் படிவத்தை அன்று நிரப்பும்போதே எனக்கு இது தெரியும். பயிற்சி வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். "குறைக்க வேண்டாம் அக்கா, பிறகு பெரிய கடன் எடுக்கேக்கை இடிக்கும்," என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். மீன் விற்கிற மனுசி எந்தக் காலத்தில் நாற்பது லட்சம் கேட்டு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். அன்று கிளையில் சனம் நெரித்தது என்று சில நாட்களில் எனக்கு நானே சொல்லிப் பார்ப்பதுண்டு. அன்று சனமே இருக்கவில்லை.

எழுந்து போன மறுநாள் அக்கா திரும்பி வந்தார். செய்ய வேண்டியதைச் சொன்னேன். எல்லையைப் பழையபடி இரண்டு லட்சமாக்கக் கேட்க வேண்டும். கூற்று வருவதற்கு நாலு நாள் முன்னதாகவே பெரும்பகுதியைக் கட்டிவிட வேண்டும். ஒழுங்கைச் சனத்தின் சாமான்களை அட்டையில் வாங்கக் கூடாது. மூன்று மாதம் இப்படிச் செய்தால் புள்ளி ஏறும், பிறகு திரும்பக் கேட்கலாம்.

எல்லையைக் கூட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. தன் வாயால் பெரிய கடன் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதையும் விட உதயகலாவிடம் மறுத்ததுதான் அவரைச் சுட்டது. "லொறி வாங்கப்போறவைக்கு எங்களைத் தெரியுமே," என்று உதயகலா படலையைச் சாத்திக்கொண்டு போனாராம். அன்று அக்கா தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போய் அழுதுவிட்டு வந்ததாக ஜெயசுதன் அண்ணை சொன்னார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் கடன் சரிவரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்று கூற்றுகள் வந்தன. பத்தொன்பது வீதம், பன்னிரண்டு, ஒன்பது. கார்த்திகை முடிய ஆறு நாள் இருக்கையில் கடன் கிடைத்தது. பிலிப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லொறி மயிலிட்டிக்கு வந்த அன்று உதயகலாவே வந்து தேங்காய் உடைத்தாராம்.

அடுத்த ஞாயிறு நான் போனேன். வெள்ளை லொறி கரையில் நின்றது, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. அக்கா எனக்கென்று ஒரு நல்ல பாரையை எடுத்து வைத்திருந்தார். அதைப் பையில் போட்டபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்த அம்பதாயிரத்துப் படிவம் உங்கடை கையாலைதானே எழுதினது?"

"ஓம், அக்கா."

"எனக்கு ஆவணியிலையே ஞாபகம் வந்திட்டுது. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு மூண்டு மாதமாப் பாத்துக்கொண்டிருந்தனான்." கையைத் துணியில் துடைத்தார். "அண்டைக்கு உங்களுக்கு உது தெரியுமோ?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"தெரியாது, அக்கா," என்றேன். "தெரிஞ்சிருந்தாச் சொல்லாமல் விட்டிருப்பனே?"

"சரி, தம்பி."

பையை வாங்கிக்கொண்டு காசை நீட்டினேன். அக்கா அதை வாங்கினார். விரலை நனைத்து, ஒவ்வொரு தாளாக, இரண்டு தரம் எண்ணினார்.

"சரியாயிருக்கு," என்றார்.