மருந்தைக் கூட்டிய நாள்

இராஜபாளையத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும்படியான சம்பவம் இல்லை.

1. வெள்ளை நுரை

கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கில் தண்ணீர் சாக்லேட் நிறத்தில் இருந்தால் ஆபரேட்டர் நிம்மதியாக டீ குடிக்கலாம். அழுக்கைத் தின்னும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அன்று காலை டேங்க் சாம்பல் பூத்து, மேலே வெள்ளை நுரை கட்டியிருந்தது. பேண்டேஜ் துணி வெளுக்கும் ஏதோ ஒரு பட்டறை பிளீச்சிங் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட்டிருக்கிறது. பாக்டீரியா அத்தனையும் காலி. திரும்ப வளர்க்க இரண்டு வாரமாவது ஆகும்.

மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு. இன்ஜினியர் போனில் கத்தினார்.

"என்ன செய்வீரோ எனக்குத் தெரியாது. நாத்தம் வரக்கூடாது. மருந்தைக் கூட்டும்!"

மருந்து என்று நாங்கள் சொல்வது குளோரினை. தண்ணீர் ஆற்றுக்குப் போகும் முன் கிருமி சாகக் கொஞ்சமாகக் கலப்பது. நான் மூன்று மடங்கு வைத்தேன். அவர் சொன்னார், செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வால்வைத் திருகியது என் கைதான்.

2. விரால் மடு

எங்கள் தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு உண்டு. ஆறு காய்ந்து கிடக்கும் கோடையிலும் எங்கள் தண்ணீரால் அது வற்றாது. மில் தொழிலாளி செல்லத்துரை லீவு நாளில் அங்கேதான் தூண்டில் போடுவார். அந்த மாதம் மட்டும் போடவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு விரால் ஒன்று அங்கே குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே வரும். தாய் அடியிலேயே காவல் சுற்றும். அவர் கூப்பிட்டுக் காட்டியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாம் விட்ட தண்ணீரல்லவா!

மருந்தைக் கூட்டிய அன்று மத்தியானம் அவர் எங்கள் நிலையத்தின் கேட்டுக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தண்ணியில ஆஸ்பத்திரி வாடை அடிக்கி?"

"மருந்து கூட்டியிருக்கோம்."

"மீனுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?"

இன்ஜினியர் மறுபடியும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அட, மருந்துதான்யா. தண்ணி சுத்தமாகும். போயிட்டு வாரும்," என்றேன்.

போய்விட்டார்.

3. ஆய்வு

மறுநாள் வந்த அதிகாரி தண்ணீர் வெளியேறும் அவுட்லெட்டில் குனிந்து பார்த்து, "பரவாயில்லையே, நல்லா வச்சிருக்கீங்க," என்றார். இன்ஜினியர் என் தோளில் தட்டினார். அவர்கள் ஜீப் போன பிறகுதான் செல்லத்துரை வந்தார். வாளியில் தாய் விரால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் குஞ்சுகள், ஒரு கைப்பிடி.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"வயக்காட்டுல பூச்சிக்கு அடிக்கிறதையும் மருந்துன்னுதான் சொல்லுதோம், அண்ணாச்சி. எந்த மருந்துன்னு நீங்க சொல்லலையே. தெரிஞ்சிருந்தா வாளியில மோந்து கிணத்துல விட்டிருப்பேன். செத்த நேர வேலை."

அதற்குப் பிறகு அவர் தூண்டிலோடு அந்தப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. அந்த மடுவில் விராலையும் பார்க்கவில்லை.

பாடம் என்று கேட்டால் இதுதான். ஆற்றில் நமக்குக் கீழே இருந்து ஒருவர் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வந்தால், போனை வைத்துவிட்டுப் பேசுங்கள். குளோரின் என்று சொல்லுங்கள், கூடுதலாகப் போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். செல்லத்துரை கேட்கத்தான் வந்தார். நான்தான் போகச் சொன்னேன்.