கோலுக்குப் பின்னால் நின்றவர்

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் மகேந்திரராஜா தன்னைப் பற்றிய கதையைக் கேட்டார். கடைக்கார அன்ரனிற்றாவுக்கு அதை யாரோ ஒரு பிறந்தநாள் விழாவில் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னது வேறு யாரோ.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. தேப்பன் செத்து வருசம் திரும்ப முதல் சேயோனை ரீமில இருந்து தூக்கிப்போட்டு, ஆரோ இந்தியப் பெடியனை விட்டிட்டீங்களாம். சொந்த மருமகனை. உண்மையே?"

இல்லை என்றார். அந்த இல்லையில் பாதிதான் உண்மை. சேயோனை அவர் அணியிலிருந்து நீக்கவில்லை. கோலுக்கு நேர் முன்னாலிருந்து, தள்ளி நிற்கிற வெளிவரிசைக்கு மாற்றியிருந்தார். தராசுக்கு மேலால் அதை எப்படி விளங்கப்படுத்துவது? பொறுக்கிய முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மகேந்திரராஜாவுக்குப் பிழைப்பே ஆட்களை இடம் பார்த்து நிறுத்துவதுதான். பஸ் டிப்போவில் எந்தச் சாரதி எந்த வழியில், எந்த நேரத்தில் ஓடுவது என்று டீன்ஸ்ட்பிளான் போடுகிறவர். கிறிஸ்மஸ் அன்று வேலை என்று ஒரு ஜெர்மன்காரனின் முகத்துக்கு நேரே, ஜெர்மனில், கண் வெட்டாமல் சொல்லுவார். அதே சேதியைத் தமிழ்ச் சாரதி ஒருவருக்குச் சொல்ல வேண்டி வந்தால் நாக்குப் புரளாது. பக்கத்து மேசைக்காரியைக் கொண்டு சொல்லுவிப்பார்.

டிப்போவில் கூட வேலை செய்த அயர்லாந்துக்காரன் ஒருவன்தான் அவரை ஹேர்லிங் ஆட்டத்துக்கு இழுத்தவன். அடி தட்டையான மரத்தடியால் சின்னத் தோல் பந்தை அடிக்கிற, ஓடிக்கொண்டே கையால் பிடிக்கிற ஆட்டம். அவன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். மகேந்திரராஜாவின் முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆனால் கழகம் அவரை விடவில்லை. முன்னால் ஆடுகிறவர்களில் யார் யார் எங்கே நிற்பது என்று தெரிவு செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தங்கை ஜெயமலரின் மகன் சேயோனை அங்கே கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

சேயோன் கோலுக்கு நேர் முன்னால் நின்றான். அந்த இடத்தில் நிற்பவனுக்குக் கோல் முதுகுப்பக்கம், எதிராளியும் முதுகுப்பக்கம். உயரமாய் வரும் பந்தை எட்டிப் பிடித்து, திரும்பி, மூச்சு விடுமுன் அடிக்க வேண்டும். சேயோனைப் போலப் பந்து பிடிக்க அணியில் ஆள் இல்லை. ஆனால் அவனிடம் ஒரு குறை இருந்தது. இந்த ஆட்டத்தில் பலமான கை தடியில் இருக்க, மற்றக் கை பந்தைப் பிடிக்க வேண்டும். அவனோ ஹம் நகரில் தமிழ்ப் பெடியளோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். பந்து வந்தால் வலக்கைதான் நீளும். பிடித்த பிறகு பந்தையும் தடியையும் கைமாற்ற வேண்டும். கோலடியில் அந்த ஒரு கணத்தை எவனும் தரமாட்டான்.

ஆனாலும் போன வருடம்வரை அவன் கோல் மேல் கோலாய் அடித்தான். காரணம் யாருக்கும் தெரியாது. மகேந்திரராஜாவுக்கும்தான்.

சேயோனின் தகப்பன் சிவராமன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஹம்மிலிருந்து விடியவே ரயில் ஏறி வருவார். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. மகன் நிற்கிற பக்கத்துக் கோல் வலைக்குப் பின்னால் குளிர்க்கோட்டோடு நின்று, "இடப்பக்கத்தால வாறான், தம்பி", "ஆளில்லை, திரும்பு" என்று கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் அதைக் கேட்டவன் சேயோன் ஒருவன்தான். எதிராளி எந்தப் பக்கம் என்று முதலே தெரிந்ததால் மற்றப் பக்கம் திரும்பினான். கைமாற்றும் கணம் அவனுக்குக் கிடைத்தது.

மாசியில் சிவராமன் போய்விட்டார். வசந்தத்தில் பயிற்சி தொடங்கியபோது சேயோனின் தடி ஒவ்வொரு முறையும் எதிராளியின் தடியில் மாட்டியது. ஒருமுறை விரல் நசிந்து வீங்கியது. துக்கம், போகப் போகச் சரிவரும் என்றார்கள். ஒருநாள் அவன் பந்தைப் பிடித்துவிட்டு, அடிக்காமல், எதையோ கேட்கக் காத்திருப்பவன்போலத் தலையை வலைப்பக்கம் கொஞ்சம் சரித்ததை மகேந்திரராஜா கண்டார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அவர் செய்த முதல் வேலை, தானே போய் வலைக்குப் பின்னால் நின்றதுதான். அடுத்த பந்து வந்தபோது "இடப்பக்கம்" என்று கத்தினார். சேயோன் நீட்டிய கையை மடக்கினான். பந்து விழுந்து உருண்டு போயிற்று. அவன் திரும்பி மாமனைப் பார்க்கவில்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான், அவிழாத கயிற்றை.

அதன் பிறகுதான் அவனை வெளிவரிசைக்கு மாற்ற முடிவெடுத்தார். அங்கே பிடிக்கவும் கைமாற்றவும் நேரம் இருக்கும். கோல் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எவர் குரலும் தேவையில்லை. கோலுக்கு முன்னால் நிற்க அஷ்வின். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த, உயரம் குறைந்த, நிலத்தில் உருளும் பந்தை விடாத பையன். அவனுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

"அங்கிள், அது சேயோன் பிளேஸ். அவங்க அப்பா நின்ன இடம். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

ஆட்டத்தில் இடம் எவனுக்கும் சொந்தமில்லை என்று மகேந்திரராஜா அவன் வாயை அடைத்துவிட்டார்.

சேயோனிடம் என்ன சொல்லுவது? உன்ர கோலில் பாதி அப்பாவுடையது என்றா? அவர் வழக்கப்படி மனைவியிடம் சொன்னார், அதுவும் உண்மையை இல்லை. பெடியனுக்குக் காலுக்கு ஓய்வு தேவை, கொஞ்ச நாள் வெளியே ஆடட்டும் என்றார். மனைவி ஹம்முக்குப் போன் எடுத்து ஜெயமலரிடம் சொன்னா. ஜெயமலர் ஹம்பேர்க்கில் தனியாக இருக்கும் மகனிடம் சொன்னா. மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீடு எஸ்-பான் ரயிலில் இரண்டு தரிப்பிடம். சேதி ஹம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வருகிற வழியில் பிறந்தநாள் விழாவுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கடையிலிருந்து வெளியே வந்தவர் முதலில் தங்கையைக் கூப்பிட்டார். அவ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

"அவன்ர காலில ஒண்டுமில்லை அண்ணை. அது உங்களுக்கும் தெரியும்," என்றா. "சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரமாட்டானாம். தடியைக் கொண்டுபோய் நிலக்கீழ் அறையில வைச்சிட்டான். இனி எடுக்கமாட்டன் எண்டிட்டான்."

"நான் திரும்ப அந்த இடத்தைக் குடுக்கிறன்."

"குடுத்து? அவர் வந்து நிப்பாரே?" என்று கேட்டா ஜெயமலர். "மாமா ஏன் என்னட்ட நேர சொல்லேல்லை எண்டுதான் அவன் கேட்டவன். இடத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. அதுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?"

மகேந்திரராஜா ரயில் நிலையத்துக்குள் போய், மேடையில் கிடந்த வாங்கில் குந்தினார். அவருடைய எஸ்-பான் வந்து போனது. ஜெர்மனில் தொடங்கினால் சுலபம். ஆனால் அது டிப்போச் சாரதியோடு கதைப்பதுபோல் ஆகிவிடும். தமிழில்தான் சொல்ல வேண்டும். அப்பாவின்ர சத்தம் உனக்கு வழிகாட்டினது, அது எனக்கு இப்பத்தான் விளங்கினது, எனக்கு உன்னட்டச் சொல்லப் பயமாயிருந்தது. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சொன்னார்.

பிறகு சேயோனின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தார்.

மறுமுனையில் மணி அடித்தது. எதிர் மேடையில் ஒரு ரயில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் புறப்பட்டது. அந்த இரைச்சலில் அவன் எடுத்தது கேட்காமல் போய்விடுமோ என்று மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.