கலேவெல கறிமிளகாய்க்கு எட்டு, எனக்கு இரண்டு

நம் இணைய மன்றத்தை நடத்திய ரிஸ்மி நானா காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற செய்தியை மன்றத்தில்தான் வாசித்தேன். நம்பவில்லை. அங்கே பொய்ச்செய்தி போடுவதில் பேர்போனவன் நான்தானே. எவனோ என் தொழிலுக்குப் போட்டியாக வந்துவிட்டான் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து மாத்தளைக்குப் போனேன். அவருடைய இன்டர்நெட் கடை பட்டப்பகலில் பூட்டிக் கிடந்தது. ஜனாஸா அடக்கமும் முடிந்திருந்தது.

சண்டைச் செய்திகளில் நாடே கொதித்த காலத்தில், மன்றத்து அரசியல் கருத்துகளுக்கு அவர் பத்துக்கு மதிப்பெண் போட்டது உங்களுக்குத் தெரியும். கண்டதா, கேட்டதா என்று சொன்னால் மூன்று. எதிராளியின் வாதத்தை அந்த எதிராளியே தலையாட்டும்படி எடுத்துச் சொன்னால் நான்கு. எது நடந்தால் என் எண்ணத்தை மாற்றுவேன் என்று எழுதினால் மூன்று. எந்தக் கட்சி என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

தேர்தல் வந்தபோது, தோட்டத்து வாக்கு தொழிற்சங்கத்து வேட்பாளருக்கே என்று முழங்கினேன். இரண்டு போட்டார். கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

“என்னா நானா, இப்புடி ஃபெயிலாக்கிப்புட்டீங்க!”

“தம்பி, இதில கோவம் மட்டும்தான் ஈக்கி. அதுக்கு மார்க் போட்டா இந்த நாட்டுல எல்லாரும் பாஸ்.”

அவரைச் சோதிக்க, ‘கலேவெல கறிமிளகாய்’ என்ற பொய்ப்பெயரில் நுழைந்து, பெரிய கட்சிக்கே வாக்கு என்று என்னையே மறுத்தேன். வேஷம் கலையாமல் இருக்க, பக்கத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டு அந்தக் கட்சிக்கு வேலை செய்த மாமாவிடம் போய்க் காரணம் கேட்டேன்.

“சங்கத்துக்குத்தான்டா இத்தன வருசமா போட்டேன். மழ வந்தா சட்டிய எந்த மூலையில வைக்கிறேன்னு அவங்களுக்குத் தெரியுமா? இந்த வாட்டி மாத்திப் பாக்குறேன். இவனும் கூரைத் தகரம் மாத்தலேன்னா அடுத்த வாட்டி இவனுக்கும் இல்ல.”

சங்கம் சம்பளத்துக்குப் போராடியதையும் மறக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். எட்டு விழுந்தது.

இப்போது அஞ்சலிப் பக்கத்தில் ஒருவர், “நானா அந்தப் பெரிய கட்சி ஆள்தான். கறிமிளகாய்க்கு எட்டு, சங்கத்துப் பையனுக்கு ரெண்டு. பாத்தீங்கதானே?” என்று எழுதியிருக்கிறார். உங்களில் பலர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள். பதில் சொல்ல அவர் இல்லை.

நண்பர்களே, இரண்டும் நான்தான். நானாவுக்கு இது கடைசிவரை தெரியாது. சொல்லிச் சிரிக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வாய் இரண்டு பக்கமும் பேசியது. வாயையும் அவர் பார்க்கவில்லை, பக்கத்தையும் பார்க்கவில்லை.

பொய்ப்பெயரில் வருபவரை நீக்குவது மன்றத்து விதி. நீக்கிவிடுங்கள். அந்த எட்டு, ஒழுகும் கூரைக்கடியில் இருக்கும் மாமாவுடையது. நானாவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த இரண்டுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.