செபாவின் பாட்டுக்கு ஆடியவர்கள்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து செபாஸ்தியம்மாளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாகல்நகர் வீட்டின் முன்னறையில்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தைக்க ஆரம்பிப்பாள். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போவாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். போன் அடித்தால் மாப்பிள்ளை வீடாக இருக்குமோ என்று பயந்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்றை மறைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, அவள் கணவர் அருள்நாதன் மெஷினைக் காட்டி, "தையல்தான்" என்று முடித்துவிட்டார். அது பொய்யில்லை. ஆனால் கால் நூற்றாண்டாகத் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள திருவிழா மேடைகளில் 'செபா' என்ற பெயரில் பாடிவருகிறவள் இவள்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை மிக்கேல்ராஜ் குடும்பம் நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்கிற, நாலு பேர் மதிக்கிற குடும்பம். மேடையில் பாடுகிற பொம்பளை என்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

அவள் பாட ஆரம்பித்தது சர்ச்சில். ஒரு திருவிழாப் பூசையில் அவள் குரலைக் கேட்ட காத்தமுத்து, கீபோர்டு வாசிப்பவர், தன் இன்னிசைக் குழுவுக்குக் கூப்பிட்டார். முதலில் மெல்லிய பாட்டுகளாகத்தான் பாடினாள். கூட்டம் அதற்கு அசையவில்லை. துண்டுச்சீட்டில் குத்துப்பாட்டு கேட்டு மேடைக்கு அனுப்பினார்கள். காத்தமுத்து சீட்டுகளை அவள் கையில் கொடுத்து, "செபா, இதப் பாடலேன்னா அடுத்த வருசம் வேற குழுவக் கூப்புடுவாங்க" என்றார். பாடினாள். நன்றாகவே வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மேடையில் நிற்கிறவளுக்கு ஊர் முழுக்கத் தெரியும். அந்தக் காலத்தில் முன்னால் ஆண்கள் ஆடுவார்கள். பெண்கள் ஒரு ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. பெண்கள் பக்கம் முகங்கள் அசையாமல் இருக்கும், மடியில் கிடக்கும் விரல்கள் மட்டும் தாளம் போடும். செபா அந்த விரல்களைப் பார்த்துத்தான் பாடுவாள். பிறகு டிவியில் ஆட்டப் போட்டிகள் வந்தன. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் டீச்சர்களே அதே பாட்டுகளைப் போட்டுச் சின்னப் பிள்ளைகளை ஆடவைத்தார்கள். நாலு வயசுப் பிள்ளை இடுப்பை ஆட்டினால் யாரும் தப்பு சொல்வதில்லை, கைதட்டத்தான் செய்வார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆட்டமும் கூடவே வளர்ந்துவிட்டது.

ஆனால் அது ஒரே சீராக நடந்துவிடவில்லை. நத்தம் பக்கத்து ஊர் ஒன்றில், மகள் கீர்த்தனா கைக்குழந்தையாக இருந்த வருசம், அவள் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். மில்லுக்குப் போகிற பிள்ளை, பெயர் கௌசல்யா என்று பின்னால் தெரிந்தது. மேடைக்கு முன்னால் வந்து ஆடினாள். யாருக்காகவும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். ஆண்கள் விலகி இடம் விட்டார்கள். செபாவுக்குக் குரல் தானாக ஏறியது. அதற்குள் அண்ணன்காரன் ஓடிவந்து, சடையைப் பிடித்து இழுத்து அடித்தான்.

செபா பாட்டை நிறுத்தினாள். "தம்பி, அந்தப் புள்ளைய விடுங்க" என்று மைக்கிலேயே சொன்னாள்.

நாற்காலிகள் பறந்தன. டிரம்ஸ் கிழிந்தது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையேறி வந்து அவள் முகத்துக்கு நேரே, "பாட வந்தவ பாட்டோட நிறுத்திக்க. அந்தப் புள்ள ஆடுனதுக்கே நீதான் காரணம்" என்றார்.

அந்த ஊர் பல வருசம் அவர்களைக் கூப்பிடவில்லை. அண்மையில் ஒரு திருவிழாவுக்குத் திரும்பக் கூப்பிட்டபோது, பெண்கள் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் வரிசையாக ஆடினார்கள். கயிறு கட்டவே இல்லை. பழைய சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. செபா பாடிக்கொண்டே ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கௌசல்யா அங்கே இல்லை. விசாரிக்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

இப்படியெல்லாம் பார்த்தவளிடம்தான் கீர்த்தனா ஒரு நாள் மத்தியானம் வந்து, "அம்மா, ரிசப்சன்ல நானும் அவரும் ஆடிக்கிட்டேதான் மண்டபத்துக்குள்ள வரப்போறோம்" என்றாள்.

செபா மெஷினை நிறுத்தினாள். "வேணாம். பொண்ணா லட்சணமா தலையக் குனிஞ்சுக்கிட்டு வா."

"ஊருல அம்புட்டுப் பொம்பளைங்களையும் ஆட வச்சுட்டு, என்னைய மட்டும் குனிஞ்சு வரச் சொல்றியாம்மா?"

செபா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை போனாள். செல்போன் கடையில் ஒரு பாட்டு, பிரியாணிக் கடையில் ஒரு பாட்டு, நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டு. எல்லாம் அவள் மேடையில் பாடியவை. ஒரு கல்லூரிப் பெண் தன்னை அறியாமல் தோளை அசைத்துக்கொண்டே அவளைக் கடந்து போனாள். தான் சொன்னது மகளுடைய நல்லதுக்கா, தன்னுடைய பயத்துக்கா என்று செபாவுக்குப் பிடிபடவில்லை. நடந்த வழியே திரும்பி வந்தாள்.

கல்யாணம் சர்ச்சில் முடிந்து, மத்தியானம் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. கீர்த்தனா சொன்னபடியே செய்தாள். வாசலில் பாட்டு வெடித்ததும், ஒரு கையில் பூச்செண்டும் மறு கையில் மிக்கேல்ராஜுமாக ஆடிக்கொண்டே வந்தாள். செபா சாப்பாட்டு ஹால் கதவோரம் ஒதுங்கி நின்று மாப்பிள்ளை வீட்டாரின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் இருந்த சம்பந்தியம்மா வியாகுலம்மாள் எழுந்தார். போச்சு என்று நினைத்தாள் செபா. வியாகுலம்மாளோ பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு மருமகளுக்கு எதிரே நின்று ஆடத் தொடங்கிவிட்டார். பூக்காட்டில் வேலை செய்து உரமேறிய உடம்பு, தாளம் தப்பவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே செபாவிடம் வந்து உட்கார்ந்தார். "இந்தப் பாட்ட எங்க ஊர்த் திருவிழாவுல நீங்க பாடுனதுதான் மதினி இன்னும் நல்லா இருந்துச்சு."

செபா நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா உங்களுக்கு?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இதப் போயி மறைப்பாகளா?"

செபாவுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் லேசாகிவிட்டது போலிருந்தது. வியாகுலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மதினி. இம்புட்டு நாளு பாடுனீங்க, சரி. இனிமே அந்த மேடைக்கெல்லாம் எதுக்கு? சம்பந்திங்கிறப்ப நாலு பேரு ஒரு மாதிரிப் பேசுவாக. பையனுக்கும் சங்கடம்."

ஆடியதில் அரும்பிய வியர்வை அவர் நெற்றியில் இன்னும் காயவில்லை. அடுத்த பாட்டுக்குக் கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. செபா அந்தக் காலையே பார்த்தாள்.

"நீங்க இப்ப ஆடுனீகளே மதினி, அது யாரோ ஒருத்தி பாடுனதுதான?"

"ஆடுறது வேற. நம்ம சனத்துக்குள்ள ஆடுறோம். மேடை வேற இல்லையா?"

"எனக்கு வேற வேறயாத் தெரியல." செபாவுக்குப் பயம்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை சாணார்பட்டியில கச்சேரி ஒத்துக்கிட்டேன். போவேன் மதினி. கோவிச்சுக்கிராதீங்க."

வியாகுலம்மாள் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட எழுந்து போனார்.

செபா வெள்ளிக்கிழமை போனாள். மனசு நிலையாக இல்லை. ஒரு சரணத்தின் தொடக்கத்தையே தவறவிட்டாள், காத்தமுத்து திரும்ப வாசித்து எடுத்துக்கொடுத்தார். நிலக்கோட்டையிலிருந்து போன் வரவில்லை. கீர்த்தனா மட்டும் கூப்பிட்டு, "அத்தை ஒண்ணும் பேசலம்மா. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஒம் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிர்றாங்க" என்றாள்.

ஒரு மாசம் கழித்துச் செபா வீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்தார்கள். வியாகுலம்மாள் கறிக்குழம்பைப் பற்றிப் பேசினார், மல்லிகை விலை பேசினார், மழை பேசினார். சாயங்காலம் கிளம்பி ஆட்டோவில் ஏறப்போனவர், ஒரு காலை உள்ளே வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அடுத்து எங்க கச்சேரி?"

விசாரிக்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று செபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வேடசந்தூர்ப் பக்கம் மதினி. ஞாயித்துக்கெழமை."

"ம்" என்றார் வியாகுலம்மாள். ஆட்டோ கிளம்பியது.