கார் குடித்து மிச்சம் வைத்த ஆயில்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆயுத பூஜையன்று, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு ஆண்கள் என் பைக்குக்கு ஆயில் மாற்றினார்கள்.
2. சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை போட்டார்கள். முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.
3. மாலை காய்ந்து உதிர்வதற்குள் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் முன்னால் போனது. வண்டி பின்தங்கியது.
4. பெண் ஓட்டியதால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பானது.
5. வண்டியை அண்ணன் எடுத்துக்கொள்வது, நான் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போவது என்று முடிவானது.

மூன்றாவதுக்கும் ஒன்றாவதுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் உத்திரமேரூர் வரைதான் வரும். சாலவாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர்வது என் பாடு. காலை ஷிஃப்டுக்கு அந்த பஸ் கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் ஊருக்கு முதல் டவுன் பஸ் வரும். ஆக, "பஸ்ல போ" என்றால் "வேலையை விடு" என்று பொருள். யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, லாபம்தானே என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, பஞ்சாங்கம்தான் கணக்கு. ஆயுத பூஜைக்கு டிராக்டர், மருந்தடிக்கும் மெஷின், பைக் எல்லாவற்றுக்கும் குளியல், பொட்டு, புது ஆயில். வருடம் முழுக்க ஓடிய வண்டிக்கும் ஒரு முறை. கொட்டகையில் நின்று கோழி அடைந்த வண்டிக்கும் ஒரு முறை. இந்த ஏற்பாட்டின் தலைவர் என் பெரியப்பா. எந்த ஆயிலையும் அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். கடலை எண்ணெய்க்கும் அதே சோதனைதான். கம்பெனியில் நாங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து கருவிகள் வாங்கி வைத்திருப்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறை ஆயில் அண்ணனுடையது. அவன் டாக்சி ஓட்டுகிறான். கார் சர்வீஸுக்கு வாங்கிய நாலு லிட்டர் கேனில், கார் குடித்தது போக ஒரு லிட்டர் மிச்சம். என் பைக்குக்குத் தேவையும் சரியாக ஒரு லிட்டர். இதைக் கண்டதும் அண்ணன், பெரியப்பா இருவருக்கும் தெய்வச் செயலாகவே தோன்றியிருக்கிறது.

நான் எழுந்து வந்து கேட்டபோது அண்ணன், "கார் ஆயில் பாப்பா! உன் ஓட்ட வண்டிக்கு இதெல்லாம் குட்த்து வெச்சிருக்கணும்" என்றான்.

பெரியப்பா விரல்களை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இத்தப் பாரு, இன்னா வழவழன்னு கீது!"

அந்த வழவழப்புதான் பிரச்சினை. காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கிறது. பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. எஞ்சினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகளுக்குப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இப்போதைய கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். அது பைக் கிளட்ச்சில் புகுந்தால், சேற்றில் மாட்டிய டிராக்டர் டயர் கதைதான்: சுற்றும், நகராது.

கிளட்ச் வழுக்கித் தீர்ப்பான அன்று இதைச் சொன்னேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கார இழுக்கிற ஆயிலு பைக்க இழுக்காதாம்மா?" என்றார். அண்ணன் சிரித்தான். "கிளட்ச்ச புட்ச்சிக்கினே ஓட்னா எந்த ஆயில் ஊத்தினாலும் தேயும். பொம்பளைங்க ஓட்ற வண்டி எல்லாம் இப்டிதான் கீது."

"அப்ப நீ ஓட்டிக் காட்டுண்ணா" என்றேன்.

ஏரிக்கரைக்கு ஏறும் மேட்டில் ஓட்டுவதென்று முடிவாயிற்று. பின்னால் பெரியப்பா உட்கார்ந்தார். நல்ல கனமான மனிதர். பாதி மேட்டில் எஞ்சின் அலறியது, வண்டி நின்றது, பிறகு மெதுவாகப் பின்வாங்கியது. பெரியப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் நடக்கத்தான் வந்தவர் என்பதுபோல மேட்டில் ஏறிப்போனார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு டம்ளருக்குள் சிரித்தார்கள்.

திரும்பி வந்த அண்ணன் சாவியை என்னிடம் நீட்டவில்லை. "நீ ஏற்கெனவே தேச்சு வெச்ச பிளேட்டு. நான் இன்னா பண்றது?"

எங்கள் வீட்டில் சோதனை என்பது ஏற்கெனவே தெரிந்த முடிவை உறுதிசெய்வதற்கு மட்டுமே. அதனால் அவர்கள் மறுக்க முடியாத ஒரு பந்தயம் வைத்தேன். பிளேட்டைத் தொட மாட்டேன், ஆயிலை மட்டும் மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டில் ஏறினால் வண்டி எனக்கு. ஏறாவிட்டால் அண்ணனுக்கு, அதன் பிறகு நான் பேசமாட்டேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "பேசாம இருப்பாளாம் இவ" என்றாள்.

வழுக்கி வழுக்கித் தட்டு கருகிப் போயிருந்தால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. இது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் உற்சாகமாக ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

உத்திரமேரூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். "கூட யாரும் வர்லியாம்மா?"

"ஆயில் வாங்க எத்தினி பேர் வரணும்?"

அவர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இது நல்லா போவுது. கெட்டியா இருக்கும், எஞ்சினுக்கு ஸ்ட்ராங்கு."

ஆயிலைக் கூழ் என்று நினைத்திருக்கிறார். என் வண்டியின் கையேட்டில் பத்து டபிள்யூ முப்பது என்று போட்டிருக்கிறது. முதல் எண், குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. குளிர் என்றால் எங்கள் ஊரில் மார்கழியில் பெரியப்பா தலையில் துண்டு கட்டுவதுதான், ஆகவே அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. இரண்டாவது எண், எஞ்சின் சூடானபின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கையேட்டைத் தாண்டிக் கெட்டியாக ஊற்றினால் எஞ்சினுக்குச் சுமை. இந்த எண்கள் சரியாக இருந்தாலும் போதாது. ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கு டப்பாவின் பின்பக்கம், எறும்பு படிக்கும் அளவில், ஜாஸோ என்ற ஜப்பான் தரக் குறியீட்டில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு.

ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தேன். கடைக்காரர், "கண்ணாலத்துக்குப் பொடவ எடுக்கிறதுக்குக் கூட இவ்ளோ நேரம் ஆவாதும்மா" என்றார். பத்து டபிள்யூ முப்பதும் எம்.ஏ.2-வும் சேர்ந்திருந்த டப்பாக்களில் இரண்டு வாங்கினேன். ஒன்று உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயிலைக் கழுவ, ஒன்று ஓட்ட.

வீட்டில் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, கீழ் போல்ட்டைக் கழற்றி வடித்தேன். புதியது ஊற்றி இரண்டு நாள் ஓட்டினேன். மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினேன். முதல் நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சமதளத்தில் கூடச் சத்தம் முந்திக்கொண்டு போனது. அன்று கம்பெனிக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் விசாரித்தேன். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு வழுக்கல் குறைந்ததுபோல இருந்தது. ஆனால் "இருந்ததுபோல" என்பதை எங்கள் பிரிவில் அறிக்கையில் எழுத விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என் பின்னால் உட்கார மறுத்தார். "பொண்ணு ஓட்ட நான் பின்னால குந்திக்கினு போறதா? ஊரு இன்னா சொல்லும்?" அவருக்குப் பதிலாக ஒரு நெல் மூட்டையைக் கட்டினார்கள். மூட்டைக்கு மானப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது கியரில் மேட்டைத் தொட்டேன். சத்தமும் வண்டியும் சேர்ந்தே ஏறின. அண்ணன் நின்று பின்வாங்கிய இடத்தைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். கரை மேல் போய் நிறுத்தி, மூட்டையோடு திரும்பி இறங்கி, இன்னொரு முறையும் ஏறிக் காட்டினேன். ஒரு தடவை கிடைத்த முடிவை நான் நம்புவதில்லை.

கீழே வந்து எஞ்சினை அணைத்தேன். பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்தார். "அன்னிக்கு முன் சக்கரத்துக்கு மட்டும்தான் எலுமிச்சம்பழம் வெச்சோம். இன்னிக்குக் காலைலயே பின் சக்கரத்துக்கும் ஒண்ணு வெச்சு ஏத்திட்டேன். அதான் இழுக்குது."

"அப்ப ஆயிலு?" என்றேன்.

"அதுவும் கீதும்மா, ஒரு பக்கம்."

அண்ணன் சாவியைக் கேட்கவில்லை. இப்போது பிளேட் எப்படிச் சரியாயிற்று என்று நான் கேட்டதற்கு, "செட் ஆய்ட்ச்சு" என்றான். அதற்குமேல் அவனிடமிருந்து தொழில்நுட்ப விளக்கம் வரவில்லை.

இன்றைய நிலவரம்: வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், காலை ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிடவில்லை. ஆயிலை என் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன், கிலோமீட்டர் பார்த்து நானே மாற்றுகிறேன். அண்ணனின் கார் அடுத்த சர்வீஸ் முடித்து வந்துவிட்டது. கொட்டகையில் மறுபடியும் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது.