செத்தவீட்டுக்குக் கேக்

1989 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றி, கைகழுவிச் சாப்பிட்டேன். எனக்குப் போட்டுவிட்டு அம்மா வழக்கம்போல் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். நகரத்து உணவகத்தில் வேலை செய்த அப்பா, நான் தூங்கிய பிறகே வருவார்.

முந்தின நாள் மாலை ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி வந்திருந்தார். வாரம் ஒருமுறை தேவாலய மண்டபத்தில் கூடி ஜாம் காய்ச்சி, திரைச்சீலை தைக்கும் சங்கம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த அந்த வெளிநாட்டு ஊரில் யாராவது அம்மாவுடன் பேசினால் அது அங்கேதான். அதையும் மொழிபெயர்ப்பவள் நான். பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார், நாளை அடக்கம் முடிய மண்டபத்தில் கோப்பி, அம்மாவும் ஒரு கேக் கொண்டுவர வேண்டும் என்றார் தலைவி. அம்மாவிடம் சங்கம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல்முறை.

"செத்தவீட்டுக்கு ஆரும் கேக் கொண்டு போவினமே? நீ ஏதோ பிழையா விளங்கியிருக்கிறாய்."

"இல்லையம்மா, கேக் எண்டுதான் சொன்னவா."

"விசர்க்கதை. அந்த வீட்டில அடுப்பு எரியாது. அயல்தான் சோறு குடுக்கவேணும்."

உறைப்பில்லாத உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, சோறு எல்லாம் ஒரே பானையில் அடுக்கடுக்காக. வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டு முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். நீண்ட மேசை முழுவதும் கேக். தலைவி பானையைத் திறந்து பார்த்தார், புன்னகைத்தார், மூடிப் பின்னறைக்குக் கொண்டுபோனார்.

பெண்கள் கேக் சாப்பிட்டார்கள். இறந்தவரின் பழைய குறும்பு ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள்.

"சிரிக்கினம், பார்," என்று அம்மா என் காதில் சொன்னார். தனக்கு வைத்த துண்டைத் தொடவில்லை.

புறப்படும்போது பின்னறையில் பானை இல்லை.

"கொட்டிப்போட்டினம். இனி என்னைக் கூப்பிடமாட்டினம்."

தலைவியிடம் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. இறந்தவரின் மனைவி, பக்கத்து வீட்டு அம்மையார், கையில் கழுவித் துடைத்த எங்கள் பானை. தலைவிதான் அதை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாராம். எல்லோரும் போன பிறகு பசித்ததாம். வீட்டில் வேறொன்றும் இல்லையாம். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைக்குமுன் அரிசியைக் கழுவி உலையில் போட்டார். பிறகு மேசையில் இரண்டு தட்டுகள் வைத்து, அம்மையாரை இருத்தி, அவருக்கு எதிரே கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

காலையில் யாராவது சோறு சாப்பிடுவார்களா என்பது மட்டுமே அப்போது என் கேள்வி. அம்மா உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.