வாளிக்குக் கீழே நைனா

அடுப்புக்கரி விரல் ரேகையில் ஏறிவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அதன் மணம் லேசில் போகாது. சிங்கவரத்துப் பள்ளிக்கூடத்தில் என் கை எப்போதும் அப்படித்தான் மணக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இன்று செஞ்சி, வல்லம் வட்டாரத்தில் போர் போட வேண்டுமென்றால் என் லாரியைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் கிணற்றைக் கண்டு அலறியவன் என்றால் யாரும் நம்புவதில்லை.

ஒரு கோடையில் தெருக்கிணற்றில் ‘தூர் எடுக்க’ இறங்கிய என் நைனா மேல் மண் சரிந்துவிட்டது. ‘சின்னப் புள்ளைங்க பாக்கக் கூடாது’ என்று என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டால் ‘சாமிகிட்ட போயிட்டாரு’ என்பார்கள். அதற்குப் பின் யாராவது வாளியை இறக்கினால் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவேன். பயந்த கோளாறு என்று அம்மா அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்துப் பார்த்தாள், அழுகை நிற்கவில்லை.

அந்த வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு டீச்சர், எங்கள் கையில் அடுப்புக்கரியைக் கொடுத்து, மனசில் இருப்பதை வரையச் சொன்னார். நான் தினமும் கறுப்பு வட்டம்தான் போட்டேன். பையன்கள் ‘தோசை சுடறான்’ என்று கிண்டல் செய்தார்கள். டீச்சர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதையும் போடு என்றார். போட்டேன். மேலே வாளி, கீழே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு ஓர் ஆள்.

“யாருப்பா இது?”

“எங்க நைனா. வாளி தலைல இடிக்குது டீச்சர், அதான் கைய வெச்சிகினு இருக்காரு.”

அன்று மாலையே டீச்சர் படத்தோடு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். பார்த்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கே மேல தூக்கிட்டாங்கடா கண்ணு. நான்தான் மொகத்துல மண்ணத் தொடைச்சேன். ஏரிக்கரைல பொதைச்சிருக்குது, வா காட்டறேன்.”

காட்டினாள். அந்த மண்மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, நானே வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தி, வயிறு முட்டக் குடித்தேன்.

அந்தக் கிணற்றைத் தூர்த்து இப்போது ரேஷன் கடை கட்டிவிட்டார்கள். டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. போன வருடம் அம்மா இறந்தபோது, குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றான் என் மகன். என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பேரப்பிள்ளைகள் எல்லோரையும் முகம் பார்க்க வைத்தேன். மறுநாள் சின்னவள் ஒரு படம் போட்டுக் காட்டினாள்: பந்தல், மாலை, நடுவில் கண்மூடிய கிழவி. தூங்குகிறார்களா என்று கேட்டேன்.

“இல்ல தாத்தா, செத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டு, பந்தலுக்குப் பச்சை அடிக்க ஆரம்பித்தாள்.